தலைவருக்கு முதல்ல காது வேணும்: தேவனாம்பட்டினம் கோட்டையும் நல்லவாடு ஒலிபெருக்கியும்

நல்ல தலைவர்னா எப்படி இருக்கணும்னு யார கேட்டாலும் டக்குனு ஒரு பதில் வரும், தைரியமா இருக்கணும், கை சுத்தமா இருக்கணும், நல்லா பேசணும், முடிவெடுத்தா பின்வாங்கக் கூடாது. இதெல்லாம் வேணும்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா இதுல முக்கால்வாசி இருந்தும் ஒரு ஆளு ஒரு ஊரையே தோக்கடிச்ச கதை நம்ம கடலூர், பாண்டிச்சேரி மண்ணுலயே நடந்திருக்கு, அதனால இந்த லிஸ்ட்ல ஏதோ ஒண்ணு விட்டுப்போகுதுன்னு எனக்கு ரொம்ப நாளா தோணுது.

கடலூர் சில்வர் பீச்சுக்குப் போறவங்க தேவனாம்பட்டினத்துல செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடத்த பெருசா கண்டுக்கிறதில்ல. ஒரு காலத்துல தென்னிந்தியாவுல இங்கிலீஷ்காரனுக்கு அதுதான் தலைமையிடம். 1746ல சென்னைய பிரெஞ்சுக்காரங்க பிடிச்சப்ப இங்கிலீஷ்காரன் இங்கதான் வந்து உக்காந்து சமாளிச்சான். அப்படிப்பட்ட கோட்டைய 1758 ஜூன்ல பிரெஞ்சு தளபதி லாலி பாண்டிச்சேரியில இருந்து படையோட வந்து பிடிச்சாரு. கப்பல விட்டு இறங்கி கொஞ்ச நாள்லயே இந்த வெற்றி. தைரியத்துக்கு கொறச்சலே கிடையாது, ஐரோப்பாவுல பல சண்டை பாத்தவரு, பண விஷயத்துலயும் கறாரு, பாண்டிச்சேரி கம்பெனி அதிகாரிங்க அடிச்ச கொள்ளைய பாத்து கொதிச்சவரு. நம்ம லிஸ்ட்படி பாத்தா தைரியம், நேர்மை, உறுதி எல்லாத்துலயும் பாஸ்.

ஆனா அந்த வெற்றிக்குப் போற வழியிலயே தோல்விக்கு விதை போட்டுட்டாரு. பீரங்கி இழுக்க மாடு பத்தல, மூட்டை தூக்க ஆளு பத்தல, உடனே பாண்டிச்சேரி சனங்கள யாரு என்னன்னு கேக்காம பிடிச்சு சுமக்க வச்சாங்க. எல்லாரையும் சமமா நடத்துறதுன்னா அது வேற, அத யாரும் குத்தம் சொல்ல முடியாது. இங்க நடந்தது எல்லாரையும் சமமா அவமானப்படுத்துனது. இந்த ஊர்ல எது யார புண்படுத்தும், எத எப்படிக் கேட்டா சனங்க தானா வந்து செய்வாங்கன்னு தெரிஞ்சவங்க பாண்டிச்சேரியில இல்லாம இல்ல, பிரெஞ்சுக் கம்பெனிக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை மாதிரி 1736ல இருந்து தினம் நடக்குறத எழுதி வச்ச ஒரு மனுஷன் அப்ப உயிரோடதான் இருந்தாரு (அவர பதவியில இருந்து இறக்குனது லாலி வர்றதுக்கு முன்னாடியே நடந்துபோச்சு, அது தனிக் கதை). லாலிக்கு இந்த ஊர்க்காரன் பேச்சு தேவைப்படல, கூட இருந்த பிரெஞ்சு அதிகாரிங்க பேச்சும் தேவைப்படல. ஹைதராபாத்துல நிஜாம் பக்கத்துல இருந்து செல்வாக்கா காலூன்றி இருந்த பிரெஞ்சு தளபதி புஸ்ஸிய கெளம்பி வான்னு கூப்பிட்டாரு, புஸ்ஸி வேணாம்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தும் கேக்கல. புஸ்ஸி வந்த கொஞ்ச நாள்லயே ஆந்திரக் கடலோரம் மொத்தமும் கைய விட்டுப் போச்சு. சென்னை முற்றுகை 1759 பிப்ரவரில புஸ்வாணம் ஆச்சு, 1760 ஜனவரி 22 வந்தவாசியில தோல்வி, அப்புறம் பாண்டிச்சேரிய இங்கிலீஷ்காரன் சுத்தி வளச்சு பட்டினி போட்டான். சாப்பாடு தீரத் தீர லாலி ஊர்ச் சனங்கள மதிலுக்கு வெளியில அனுப்புனாரு, வெளியில நின்ன படை அவங்கள தாண்டிப் போக விடல, நடுவுல மாட்டிக்கிட்டுத் தவிச்சாங்க. 1761 ஜனவரில ஊரு சரணடைஞ்சிது, இங்கிலீஷ்காரன் அத இடிச்சுத் தரைமட்டம் ஆக்குனான். லாலிய 1766ல பாரிஸ்ல துரோகின்னு சொல்லி தலைய வெட்டுனாங்க. அவர் துரோகி இல்ல, அந்தத் தீர்ப்பே பிற்பாடு ரத்தாச்சு. துரோகம் பண்ணாம, பயப்படாம, பணம் திருடாமகூட ஒருத்தர் தன்னை நம்புன ஊர அழிக்க முடியும்னு இதுல இருந்து தெரியுது, எனக்கு இது ரொம்ப முக்கியமான விஷயமா படுது.

அப்போ விட்டுப்போனது என்ன? கீழ இருக்கிறவன் ஒரு கெட்ட சேதிய பயமில்லாம மேல கொண்டுவர முடியுதா, வந்த சேதிய அந்த ஆளு வாங்கிக்கிறாரா, இதுதான். வள்ளுவர் இத 389வது குறள்ல நேராவே சொல்லிட்டாரு.

செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்
கவிகைக்கீழ்த் தங்கும் உலகு

காது கசக்குற மாதிரி சொன்னாலும் பொறுத்துக்கிறவன் குடை நிழல்லதான் உலகம் தங்கும். ஸ்கூல்ல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிட்டு விட்டுட்டோம். ஆனா கவனிச்சுப் பாருங்க, ராஜா நல்லா பேசணும்னு அங்க சொல்லல, பொறுத்துக் கேக்கணும்னுதான் சொல்லுது, அதுவும் இனிப்பான பேச்ச இல்ல.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் என்னன்னு பாக்க 2004 டிசம்பர் 26க்கு வரணும். அன்னிக்கு ஞாயித்துக்கிழம காலையில சுனாமி வந்ததுல கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போய்ட்டாங்க. தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு, கிள்ளை பக்கம்னு கடலோரத்துல அழுகுரல் கேக்காத ஊரே இல்ல. ஆனா பாண்டிச்சேரிக்குத் தெக்க இருக்கிற நல்லவாடு மீனவ கிராமத்துல 3,600 பேருக்கு மேல இருந்தும் சாவு இல்ல. படகு போச்சு, வீடு போச்சு, ஆளு போகல. அங்க நடந்தது இதுதான். சிங்கப்பூர்ல வேலைக்குப் போயிருந்த அந்த ஊர்ப் பையன் ஒருத்தர் அங்க டிவில சேதி பாத்துட்டு வீட்டுக்கு போன் பண்ணாரு, வீட்ல இருந்தவங்க கடல் தண்ணி வழக்கத்துக்கு மாறா ஏறுதுன்னு சொல்ல, உடனே எல்லாரையும் கரைய விட்டு வெளியேத்துங்கன்னு சொன்னாரு. ஊர்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வச்சிருந்த அறிவு மையம் ஒண்ணு இருந்துச்சு, தினமும் அலை எவ்வளவு உயரம், காத்து எப்படின்னு மீனவங்களுக்கு மைக்ல சொல்றதுக்காக வச்சது. அந்த ஒலிபெருக்கியிலயே சேதிய சொல்லி ஊரையே ஓட வச்சாங்க.

இதுல நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறது போன் வந்ததப் பத்தி இல்ல. போன் பல ஊருக்கும் வந்திருக்கலாம். வந்த சேதிய நம்பி உடனே மைக்க எடுத்தாங்க பாருங்க, அது. சுனாமின்ற வார்த்தையையே அன்னிக்குக் காலையில நம்மள்ல எத்தன பேரு கேட்டிருப்போம்? சொன்னவரு அதிகாரி இல்ல, விஞ்ஞானி இல்ல, வெளிநாட்டுல வேலை பாக்குற ஒரு இளவட்டம். பெரிய மனுஷங்க யாராவது "இரு, மொதல்ல கலெக்டர் ஆபீஸ்ல விசாரிப்போம்"னு ஒரு கால் மணி நேரம் இழுத்திருந்தா கதை வேற. ஒலிபெருக்கி அங்க இருந்ததும், தினம் அதுல வர்ற சேதிய கேட்டு கடலுக்குப் போறதா வேணாமான்னு முடிவு பண்ற பழக்கம் ஊருக்கு ஏற்கனவே இருந்ததும் அந்த கால் மணி நேரத்த காப்பாத்திக் குடுத்துச்சு. அதாவது ஆபத்து வந்த அன்னிக்கு ஒருத்தர் திடீர்னு தலைவர் ஆயிடல, கேக்குற பழக்கம் முன்னாடியே ஊர்ல இருந்துச்சு.

அந்தப் பழக்கம் எப்படி உருவாகுது, எப்படி கெடுதுன்றத எங்க சொந்தத்துல ஒரு தம்பி வேலை பாக்குற கம்பெனில நடந்தத வச்சு சொல்றேன், கெமிக்கல் கம்பெனி, பேரு வேணாம். அங்க முன்னாடி ஷிப்ட் பாத்த சூப்பர்வைசர் ஒரு வயசானவரு, அதிகம் பேச மாட்டாரு. யாராவது வந்து "சார் ரெண்டாவது பம்புகிட்ட ஒழுகுது"ன்னு சொன்னா அவரோட மொத கேள்வி "எப்போ பாத்த? எங்க நிக்குது இப்போ?" அப்புறம் ஹெல்மெட்ட எடுத்து மாட்டிக்கிட்டு சொன்னவனையும் கூட்டிட்டு நேரா அங்க போவாரு. அவர் ரிட்டயர்டு ஆனதும் வந்தவரு நல்லா படிச்சவரு, மீட்டிங்ல பிரமாதமா பேசுவாரு, ஆனா அதே சேதிய சொன்னா அவரோட மொத கேள்வி "யாரு டூட்டி?" அவ்ளோதான் வித்தியாசம். கொஞ்ச நாள்ல, நூலிழையில தப்பிச்ச சம்பவங்கள எழுதுற ரெஜிஸ்டர் இருக்குல்ல, அது காலியாயிடுச்சு. மேல இருக்கிறவங்க பாத்துட்டு சேஃப்டி நல்லா முன்னேறிடுச்சுன்னு சந்தோஷப்பட்டாங்க, கீழ பசங்க ஒழுகுற எடத்துல துணிய சுத்திட்டு அடுத்த ஷிப்ட்காரன் தலையில தள்ளிவிட்டுட்டுப் போய்ட்டு இருந்தாங்க. தம்பி இத சொன்னப்ப எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிது, ஏன்னா அவன் நிக்கிற எடத்துல ஒழுகுறது தண்ணி இல்ல.

"யாரு பண்ணது"ன்ற கேள்வி தப்பே இல்ல, ஒரு கட்டத்துல கேட்டுத்தான் ஆகணும். அது மொத கேள்வியா வரும்போது சேதி கொண்டுவந்தவன் குத்தவாளி கூண்டுல நிக்கிற மாதிரி ஆயிடுது, அடுத்த தடவ வாயத் தொறக்க மாட்டான். வீட்ல புள்ளைங்க மார்க் ஷீட்ட ஒளிச்சு வைக்கிறதும் ஆபீஸ்ல கணக்கு இடிக்கிறத மார்ச் வரைக்கும் மறைக்கிறதும் இதே காரணத்தாலதான். தலைவர் கோவக்காரரா இருக்கிறதுகூட பரவால்ல, எங்கூர்ல கோவப்பட்டே பழகுன நல்ல மனுஷங்க நிறைய பேரு இருக்காங்க, ஆனா அந்தக் கோவம் சேதி மேலயா சேதி கொண்டுவந்தவன் மேலயான்றதுல எல்லாம் இருக்கு.

சரி, காது மட்டும் இருந்தா போதுமான்னா போதாது. எல்லாரும் சொல்றத கேட்டு கேட்டு தலையாட்டிட்டு முடிவே எடுக்காதவங்களும் உண்டு, சங்கத்துல பாத்திருப்பீங்க, மூணு கூட்டம் போட்டும் தெருவுக்கு லைட் வராது. முழு தகவல் கைக்கு வராம பாதியில முடிவெடுக்க வேண்டியதுதான் தலைவர் வேலையிலயே கஷ்டமானது. புயல் எச்சரிக்கைய எடுத்துக்குங்க. கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கரைய கடந்து பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சிது, தலைமுறையா நின்ன மரங்க. அதுக்கு முன்னயும் பின்னயும் எத்தனையோ தடவ வருது வருதுன்னு சொல்லி திசை மாறிப் போயிருக்கு. ஒரு தடவ சனங்கள பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் படுக்க வச்சு புயல் வராம போச்சுன்னா அடுத்த தடவ கூப்பிட்டா வர மாட்டாங்க, ஆடு மாட விட்டுட்டு யாரு வருவா. அப்போ நல்ல தலைவர் என்ன பண்ணணும்? வராம போன அன்னிக்கும் வந்து நின்னு "எங்களுக்குக் கெடச்ச தகவல் இவ்வளவுதான், அத வச்சு இப்படி முடிவெடுத்தோம், அலைக்கழிச்சதுக்கு வருத்தம்"னு விளக்கிச் சொல்லணும். அத சொல்ற ஆளத்தான் அடுத்த தடவயும் நம்புவாங்க. கேக்குறதும் பேசுறதும் சேர்ற எடம் இது, மேடைப் பேச்ச விட இந்தப் பேச்சு கஷ்டம்.

பாண்டிச்சேரியில கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா இந்த ரெண்டையும் சேத்து செஞ்சவருன்னு நான் நெனைக்கிறேன். 1930கள்ல சவானா, ரோடியர், கெப்ளே மில்லுங்கள்ல வேலை நேரத்துக்கு வரைமுறையே கிடையாது, சின்னப் பசங்களையும் வேலைக்கு வச்சாங்க. பிரிட்டிஷ் இந்தியாவுல இருந்த தொழிலாளர் சட்டங்ககூட இங்க செல்லாது, ஏன்னா இது பிரெஞ்சு ராஜ்ஜியம். அவர் 1934லயே 'சுதந்திரம்'னு பத்திரிகை ஆரம்பிச்சாரு, தொழிலாளிங்க கூட உக்காந்து அவங்க கஷ்டத்த கேட்டு கேட்டு சங்கமா சேத்தாரு. 1936 ஜூலை 30 சவானா மில்லுல துப்பாக்கிச் சூடு நடந்து 12 தொழிலாளிங்க செத்தாங்க. அந்த மாதிரி நேரத்துல கூட்டத்த கொதிக்க வைக்கிறது ரொம்ப சுலபம், ஆத்திரம் ஏற்கனவே இருக்கு. அந்த ஆத்திரத்த கோரிக்கையா மாத்தி, பிரான்ஸ் வரைக்கும் போய்ப் பேசி, 1937ல 8 மணி நேர வேலைய சட்டமா வாங்கிக் குடுத்தாங்க. ஆசியாவுலயே இங்கதான் அது மொதல்ல வந்துச்சுன்னு பாண்டிச்சேரிக்காரங்க இன்னிக்கும் பெருமையா சொல்வாங்க, வருஷா வருஷம் ஜூலை 30 தியாகிகள் தினம் நடக்குது. அவரோட கட்சி அரசியல் பிடிக்காதவங்ககூட இத மறுக்க மாட்டாங்க.

கேக்குறதுலயும் ஒரு பெரிய பள்ளம் இருக்கு, அது யாரோட குரல் கேக்குற எடத்துக்கே வரலன்றது. நம்ம கடலோர மீனவ கிராமங்கள்ல ஊர் பஞ்சாயத்துக்கு பலம் அதிகம், கடல்ல சண்டை வந்தாலும் சரி, கோயில் திருவிழான்னாலும் சரி, பஞ்சாயத்தார் சொன்னா சொன்னதுதான். சுனாமி நேரத்துல நிவாரணம் சிதறாம சண்டையில்லாம ஊருக்குள்ள போய்ச் சேந்ததுக்கு அவங்கதான் பெரிய காரணம். ஆனா நிவாரணக் கணக்கு, ஊர் வரி கட்டுற ஆம்பளைங்கள வச்சுப் போட்ட கணக்கு. புருஷன் இல்லாத பொம்பளைங்க வீடு பல ஊர்ல அந்தக் கணக்குல முழுசா வரல. பிச்சாவரம், கிள்ளை பக்கம் காயல்ல எறங்கி கையால தடவி எறா பிடிச்சுப் பொழைக்கிற இருளர் குடும்பங்கள மீனவங்கன்னே சேக்கல, ஏன்னா அவங்களுக்குப் படகும் இல்ல, பஞ்சாயத்துல எடமும் இல்ல. பஞ்சாயத்தார் கெட்டவங்க இல்ல, பாதி பேரு தன் வீட்லயே சாவ வச்சுக்கிட்டு ஊருக்கு ஓடுனவங்க. லிஸ்ட்ல பேரு இல்லாதவன் கண்ணுக்கே தெரிய மாட்டான், அவ்ளோதான்.

2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் முடிஞ்சு, சாத்தனூர் அணையில ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தொறந்துவிட்டு தென்பெண்ணை பொங்கி வந்தப்ப நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, தாழங்குடா பக்கமெல்லாம் தண்ணி நின்னிச்சு. அப்ப சனங்கள தங்க வச்சிருந்த ஒரு ஸ்கூலுக்கு பிஸ்கட், பாய் எடுத்துட்டுப் போயிருந்தோம். அங்க ஒரு மகளிர் குழு அக்கா கையில அழுக்கான குழு கணக்கு நோட்டு வச்சிருந்தாங்க. நாங்க "எத்தன பேருக்கா இருக்கீங்க"ன்னு கேட்டோம், அவங்க அதுக்குப் பதில் சொல்லாம நோட்ட பிரிச்சு "இன்னும் வராதவங்க யாருன்னு பாத்துட்டு இருக்கேன் தம்பி, கோடி வீட்டு ஆயா வரல, அது சுகர் மாத்திர போடுறது, நிறைமாசமா ஒரு புள்ள இருந்துச்சு அது அம்மா வீட்டுக்குப் போச்சா இல்லையா தெரியல"ன்னு சொல்லிட்டே ஒரு பையன கூப்பிட்டு அனுப்புனாங்க. நோட்டுல தவணை கட்டுனவங்க பேருக்குப் பக்கத்துலயே சின்னச் சின்ன குறிப்பு, யாருக்கு என்ன மாத்திர, யாரு தனியா இருக்காங்க, யாருக்குக் காது கேக்காது. இதெல்லாம் வெள்ளம் வந்தப்ப எழுதுனது இல்ல, வாராவாரம் குழு பணம் வசூல் பண்ணப் போறப்ப திண்ணையில உக்காந்து பேசுனதுல சேந்தது. அந்த அக்காவ யாரும் தலைவர்னு மாலை போட்டு கூப்பிட்டதில்ல, ஆனா நான் நேர்ல பாத்ததுலயே பெரிய தலைமை அதுதான்.

தன் கையில இருந்து குடுக்குறதப் பத்தி சுருக்கமா சொல்றேன், ஏன்னா கடலூர் முதுநகர்ல பொறந்த சுதந்திரப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாள் (1890–1961) கதை எங்க ஊர்ல தெரியாதவங்க இருக்கக் கூடாது. போராட்டத்துக்காக சொந்த நிலத்த வித்தாங்க, 1857 கிளர்ச்சிய கொடூரமா அடக்குன இங்கிலீஷ் தளபதி நீலோட சிலைய சென்னையில இருந்து அகற்றச் சொல்லி 1927ல நடந்த போராட்டத்துல சின்ன வயசு மகளையும் கூட்டிட்டுப் போய் ரெண்டு பேருமே கைதானாங்க, 1932ல கர்ப்பமா வேலூர் ஜெயில்ல இருந்து பிரசவத்துக்கு வெளிய வந்துட்டு திரும்ப ஜெயிலுக்கே போனாங்க. மத்தவங்கள ஜெயிலுக்கு வான்னு கூப்பிடுற உரிமை அவங்களுக்கு இருந்துச்சு. அதுக்கப்புறம் சட்டசபை உறுப்பினரா இருந்தப்ப தீர்த்தாம்பாளையம் சனங்க குடிதண்ணிக்குக் கஷ்டப்படுறாங்கன்னு வீராணம் தண்ணிய கிளை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவர வச்சாங்க, அதுக்கு அஞ்சலை வாய்க்கால்னே பேரு. ஜெயிலுக்குப் போன வீரம் ஒரு பக்கம், ஒரு சின்ன ஊரோட தண்ணிக் கஷ்டம் காதுல விழுந்து அத முடிக்கிற வரைக்கும் நின்னது இன்னொரு பக்கம், ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருந்துச்சு.

கடைசியா ஒண்ணு, தலைவர் இல்லாதப்ப வேலை நடக்குதா. பரங்கிப்பேட்டை பக்கம் சாமியார்பேட்டையில சுனாமிக்கு முன்னாடியே ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோட பேரிடர் பயிற்சி நடந்திருந்துச்சு, யாரு எச்சரிக்க ஓடணும், யாரு தண்ணியில மாட்டுனவங்கள மீட்கணும், யாரு முதலுதவி பாக்கணும்னு ஊர்க்காரங்கள டீம் டீமா பிரிச்சிருந்தாங்க. புயலுக்குன்னு கத்துக்கிட்டத சுனாமி அன்னிக்கு யாரும் வந்து உத்தரவு போடாமலே அவங்களே பயன்படுத்தி நிறைய உயிர காப்பாத்துனாங்க. நிவாரண லிஸ்ட்ல நடந்த தப்புகூட அப்படியே நின்னுடல, பொம்பளைங்களும் அவங்களுக்காகப் பேசுன அமைப்புங்களும் விடாம சொல்லிச் சொல்லி, அரசாங்கமும் அத காதுல வாங்கி, சுனாமிக்கு அப்புறம் கட்டிக் குடுத்த வீடுங்களுக்கு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேரையும் சேத்துப் போட்டுத்தான் பத்திரம் குடுத்தாங்க. அந்தப் பத்திரத்துல தன் பேரு இருக்கிறதாலதான் இன்னிக்கும் நிறைய பொம்பளைங்க வீட்ல தைரியமா இருக்காங்க, அத வித்துக் குடிக்க நெனச்சா அவங்க கையெழுத்து வேணும்.